கிடைப்பதும் நிலைப்பதும்: அமெரிக்க முதியோர் வகுப்புகளின் இணைய வளங்கள்

அமெரிக்காவில் வயது வந்தோருக்கு எழுத்தும் ஆங்கிலமும் சொல்லித்தரும் வகுப்புகளுக்கென்று தனிக் கட்டடம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஊர் நூலகத்தின் பின்னறை, தேவாலயத்தின் நிலவறை, சமுதாயக் கல்லூரியில் மாலையில் காலியாகும் ஓர் அறை என்று கிடைத்த இடத்தில் நடக்கும். ஓர் அறையில், பள்ளிக்கூடம் போயும் வேலை விண்ணப்பத்தை நிரப்பத் தடுமாறும் உள்ளூர்க்காரர்கள். அடுத்த அறையில், குவாத்தமாலாவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் வந்து, பகலில் தோட்டத்திலோ இறைச்சிக்கூடத்திலோ வேலை செய்துவிட்டு இரவில் ஆங்கிலம் படிக்க உட்காருபவர்கள். சொல்லிக்கொடுப்பவர்களில் பெரும்பான்மையோர் பகுதி நேரத்தார். ஊதியமே வாங்காத தன்னார்வலர்களும் ஏராளம். வகுப்பில் நிற்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டு; பாடம் தயாரிக்கும் நேரத்துக்குப் பல இடங்களில் கிடையாது.

தேவை சிறியதல்ல. ஓஈசிடி அமைப்பின் வயது வந்தோர் திறன் ஆய்வைக் கொண்டு அமெரிக்கக் கல்விப் புள்ளிவிவர மையம் 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆங்கில வாசிப்பில் பின்தங்கிய வயது வந்தோர் 4.3 கோடிப் பேர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். எழுத்தறிவுக் குறை என்றாலே குடியேறிகளைக் கை காட்டும் பொதுப்பேச்சுக்கு இந்த ஒரு கணக்கே போதிய மறுமொழி. அதே ஆய்வில் கடைநிலை வாசிப்பாளரின் பங்கு 2017-இல் 19 விழுக்காடு, 2023-இல் 28. கூட்டரசு நிதியில் நடக்கும் வகுப்புகளில் ஓராண்டில் சேர்பவர்களோ அண்மைக் காலத்தில் பத்து லட்சத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள்.

இந்த ஆசிரியர்களுக்கு இணையத்தில் பொருள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1990-களின் நடுவிலிருந்து பாடத்திட்டம், பயிற்சித் தாள், ஒலிப்பதிவு, காணொளி, ஆய்வறிக்கை என்று குவிந்துகொண்டே வருகிறது, பெரும்பகுதி இலவசம். அந்தக் குவியலிலிருந்து தேர்ந்தெடுத்துத் தருவது யார், தந்ததைக் காத்து வைப்பது யார் என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் முப்பது ஆண்டுகளாக நிலையான விடை அமையவில்லை. ஆக்குவதற்குப் பணம் ஒதுக்கினார்கள்; பராமரிப்பை எப்போதும் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளினார்கள் என்பதே என் வாசிப்பு.

இணையத்துக்கு முந்தைய மரபை ஒருமுறை பார்த்துவிட்டு மேலே போகலாம். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரத்தில் ரூத் கால்வின் என்ற இல்லத்தரசி, தம் ஊரில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வாசிக்கத் தெரியாது என்ற செய்தியை 1961-இல் நாளிதழில் படித்தார். அடுத்த ஆண்டே தன்னார்வலர் அமைப்பொன்றைத் தொடங்கினார். பிலிப்பைன்ஸில் மாரனாவோ மக்களிடையே 1930-இல் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கிய ஃபிராங்க் லாபாக்கின் அமைப்பும் அதே நகரத்தில்தான் 1955 முதல் இயங்கிவந்தது. 2002-இல் இரண்டும் இணைந்து ‘புரோலிட்டரசி’ ஆயின. கால்வின் 2024-இல் தம் 107-ஆம் வயதில் இறந்தார். நல்லெண்ணமுள்ள எந்தக் குடிமகனும் தக்க கையேடு ஒன்று கிடைத்தால் இன்னொருவருக்கு வாசிக்கக் கற்றுத்தரலாம் என்பது இந்த மரபின் அடித்தள நம்பிக்கை. எனவே கையேடு எத்தனை நன்றாக இருக்கிறது என்பதே இங்கே எல்லாவற்றையும் தீர்மானித்தது. பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியர் மோசமான பாடநூலையும் சமாளித்துவிடுவார். வாரத்துக்கு இரண்டு மாலை வரும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியரால் அது முடியாது.

அப்படிப்பட்டவருக்கு உண்மையில் என்ன வேண்டும்? பயிற்சித் தாள்கள் என்றுதான் எல்லோரும் எண்ணுவார்கள். அதற்கு முன்னால் தம் எதிரே இருப்பவருக்கு எங்கே சிக்குகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். இதைத் தெளிவாகக் காட்டியது ஜான் ஸ்ட்ரக்கரும் ரோசலிண்ட் டேவிட்சனும் நடத்திய ‘முதியோர் வாசிப்புக் கூறுகள் ஆய்வு’. ஸ்ட்ரக்கர் முதியோருக்கு வாசிப்புக் கற்பித்த அனுபவத்தோடு ஆய்வுக்கு வந்தவர். ஏழு மாநிலங்களில் 30 கற்றல் மையங்களைச் சேர்ந்த 955 பேரை இந்த ஆய்வு சோதித்தது. 676 பேர் அடிப்படைக் கல்வி வகுப்பினர், 279 பேர் ஆங்கிலம் கற்கும் வேற்றுமொழியினர். மௌன வாசிப்புத் தேர்வில் ஒருவர் எந்த வகுப்பின் தரத்தில் இருக்கிறார் என்று மட்டும் பார்ப்பதே அதுவரை வழக்கம். இவர்கள் அதை உடைத்தார்கள். தனிச்சொல்லைப் படிக்கும் திறன், எழுத்துக்கூட்டல், உரக்கப் படிக்கும் வேகம், சொற்பொருள் அறிவு என்று கூறு கூறாகப் பிரித்து அளந்தார்கள்.

ஐந்தாம் வகுப்புத் தரம் என்று ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஆங்கிலமே தாய்மொழியாகப் பிறந்து வளர்ந்தவர். பேச்சில் சொல்வளம் உண்டு. தொலைக்காட்சிச் செய்தி முழுக்கப் புரியும். ஆனால் தாளில் சற்று நீண்ட சொல் வந்தால் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறார். இளமையில் யாரும் கண்டுகொள்ளாத வாசிப்புக் குறைபாடு அது. மற்றவர் தம் நாட்டில் பள்ளி முடித்துவிட்டு வந்தவர். எந்தச் சொல்லையும் தடங்கலில்லாமல் உச்சரித்துவிடுவார். படித்த பத்தியில் பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாது. முதலாமவருக்கு ஒலியையும் எழுத்தையும் பிணைக்கும் பயிற்சி பொறுமையாக, படிப்படியாக வேண்டும். இரண்டாமவருக்கு அதே பயிற்சியைக் கொடுத்தால் நேரம் வீண், அவமானமும்கூட. ஒரே மதிப்பெண் என்பதால் இருவர் கையிலும் ஒரே புத்தகம் போய்ச் சேர்ந்ததே அன்றைய நடைமுறை.

இந்த ஆய்வு நூலக அலமாரியோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் சட்டப்படி அமைந்த தேசிய எழுத்தறிவு நிறுவனத்தின் தளத்தில் ஒரு கருவியாகவே அமைந்தது. ஆசிரியர் தம் மாணவரிடம் சில குறுஞ்சோதனைகளை நடத்தி மதிப்பெண்களை உள்ளிட்டால், அவருடைய வாசிப்பு எந்த வகைப் படிமத்தை ஒத்திருக்கிறது, எங்கிருந்து தொடங்கலாம் என்று அது சொல்லும். இந்தத் துறைக்கென்று இணையத்தில் உருவானவற்றில் மிகப் பயனுள்ளதைச் சொல்லச் சொன்னால் இதையே சொல்வேன். பயிற்சித் தாளைத் தருவதற்கு முன் எந்தத் தாள் என்று கேட்க வைத்தது அது.

எந்த மொழியிலும் எழுத்தே அறியாதவர்கள் வகுப்புக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. எழுத்து கற்பது என்பது ஏற்கெனவே காதில் இருப்பதைத் தாளில் காணும் வேலை மட்டுமல்ல. கேட்கும் விதத்தையே அது மாற்றிவிடுகிறது. சொல்லின் முதல் ஒலியை நீக்கிவிட்டு மீதியைச் சொல்லச் சொன்னால், எழுத்தறியாதவர்களுக்கு அது மிகக் கடினம் என்பதை போர்ச்சுகலில் ஜோசே மொராய்ஸ் குழுவினர் 1979-இல் காட்டினார்கள். பொருளற்ற சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதிலும் அவர்கள் தடுமாறுவதை, மூளைப் படங்களின் துணையோடு கஸ்ட்ரோ-கால்டாஸ் குழு 1998-இல் விளக்கியது. வேற்று மொழியின் புதுச்சொல் ஒவ்வொன்றும் தொடக்கத்தில் பொருளற்ற சொல்தானே! மினசோட்டாவில் சோமாலிய அகதிகளிடம் எலேன் டரோனும் மார்த்தா பிகலோவும் செய்த ஆய்வு இதை வகுப்பறைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தது. மாணவர் தவறாகச் சொன்ன வாக்கியத்தை ஆசிரியர் திருத்திச் சொன்னால், எழுத்தறிவு கூடியவர்கள் அந்தத் திருத்தத்தைப் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னார்கள்; குறைந்தவர்களுக்கு அது நழுவியது. எழுத்தறியாமல் வேற்று மொழி கற்பவர்களை ஆராய்பவர்களும் அவர்களின் ஆசிரியர்களும் கூடிய ‘லெஸ்லா’ என்ற அமைப்பு 2005-இல் நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் தொடங்கியது. அதுவரை இரண்டாம் மொழி ஆய்வென்றாலே பெரும்பாலும் கல்லூரி மாணவர்களைப் பற்றியது.

இணையத்தில் ‘தொடக்க நிலை ஆங்கிலம்’ என்ற பெயரில் கிடைப்பவற்றை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் பெரும்பகுதி கழிந்துவிடும். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் கட்டளையே படிக்கத் தெரியாதவருக்குச் சுவர். கோட்டோவியங்களை இனம் காண்பதும் பள்ளிக்கூடப் பழக்கம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இவர்களுக்கு வண்ணப் புகைப்படமே மேல். குழந்தைகளுக்கான எழுத்துப் பாட்டையும் கரடிப் பொம்மைக் கதையையும் ஐம்பது வயதுப் பெண்ணிடம் நீட்டுவதைவிடக் கூச்சமான காரியம் இல்லை. உண்மையில் உதவுபவை சிலவே. கனடாவின் கேல்கரியில் உள்ள போ வேலி கல்லூரி, எழுத்தறியாமல் வரும் பெரியவர்களுக்கென்று சிறு வாசிப்பு நூல்களை எழுதி யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்தது. பேருந்து தவறியது, பிள்ளைக்குக் காய்ச்சல், மருத்துவரைப் பார்ப்பது என்று பெரியவர் வாழ்க்கையே அவற்றின் பொருள். மினசோட்டாவின் எழுத்தறிவு அமைப்பும் அவ்வகைக் கதைத் தொகுப்பையும் வகுப்புக் குறிப்புகளையும் வெளியிட்டது. அங்கே சோமாலியரும் மோங் மக்களும் பெருந்தொகையாக வந்து குடியேறியதால், தேவை கண்முன் இருந்தது.

கனடாவைப் பேசும்போது நம்மவரைத் தொடாமல் போக முடியாது. புதுக்குடியேறிகளுக்கான மொழி வகுப்புத் திட்டத்தைக் கனடிய அரசு 1992-இல் தொடங்கியபோது, போரிலிருந்து தப்பிய ஈழத்தமிழர்கள் டொராண்டோவில் பெருந்திரளாகக் குடியேறிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அன்றாடம் நாளிதழ் படித்த அம்மம்மா ஒருவர் ஸ்கார்பரோ வகுப்பில் ஆங்கில எழுத்துத் தெரியாமல் உட்கார்ந்திருந்தால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அவரும் பக்கத்தில் இருக்கும் எழுத்தறியாப் பெண்ணும் ஒன்றுபோலத் தெரிவார்கள். ஒன்றல்ல. எழுத்து ஒலியைக் குறிக்கும் என்ற அடிப்படை அம்மம்மாவுக்கு ஆறு வயதிலேயே கைவந்தது. அவருக்கு வேண்டியது புது எழுத்துருவும், தமிழ் எழுத்து பிரித்துக் காட்டாத ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் பழக்கமும். ‘ப’ ஒன்றே இரண்டு ஒலிக்கும் நின்ற பழக்கத்தால் ஆங்கிலத்தில் p, b என்ற இரண்டு எழுத்தும் குழம்பும். கனடாவின் மொழித்தர அளவுகோல், எழுத்தறியாமல் வருபவர்களுக்கென்று தனி ஏடு வகுத்தது இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டதன் அடையாளம்.

இவ்வளவு நுட்பமான வேறுபாடுகளைப் பகுதி நேர ஆசிரியர் தாமே ஆய்வேடுகளைப் புரட்டி அறிந்துகொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது. நடுவில் ஒருவர் இருந்து சலித்துத் தர வேண்டும். அமெரிக்காவில் அந்த வேலையை முதலில் செய்தது 1960-களில் தோன்றிய ‘ஈரிக்’ என்ற கல்வித் தரவுத்தளம். அதன் துறைவாரி மையங்கள் ஆய்வு முடிவுகளைச் சில பக்கங்களில் சுருக்கி எளிய மொழியில் வெளியிட்டன. குடியேறிகளின் எழுத்தறிவுக்கென்று 1989-இல் வாஷிங்டனின் பயன்பாட்டு மொழியியல் மையத்தில் ஒரு தேசியத் தகவல் மையம் அமைந்தது. 1991-ஆம் ஆண்டின் தேசிய எழுத்தறிவுச் சட்டம், தேசிய எழுத்தறிவு நிறுவனத்தை உண்டாக்கியது. அது தொடங்கிய ‘லிங்க்ஸ்’ என்ற இணைய வலைப்பின்னல், ஆங்கிலம் கற்போர், கற்றல் குறைபாடு, உடல்நல எழுத்தறிவு என்று பொருள்வாரியாகத் தொகுப்புகளை அமைத்து, அந்தந்தத் துறை அறிந்தவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தது. பின்னாளில் ஒவ்வொரு பொருளையும் வல்லுநர்கள் மதிப்பிட்ட பிறகே தொகுப்பில் சேர்க்கும் முறையும் வந்தது. தேடுபொறிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த மதிப்பீட்டில்தான் இருக்கிறது. தேடுபொறி பலர் சொடுக்கியதை மேலே தூக்கும். இங்கே ஒருவர் படித்துப் பார்த்திருக்கிறார்.

1996-இல் ஹார்வர்டு கல்விப்பள்ளியும் ‘வேர்ல்டு எஜுகேஷன்’ அமைப்பும் கூட்டாக ஒரு தேசிய ஆய்வு மையத்தை நிறுவின. ஸ்ட்ரக்கரின் ஆய்வு அங்கே விளைந்தது. அந்த மையத்தின் ‘ஃபோகஸ் ஆன் பேசிக்ஸ்’ என்ற இதழ், ஆய்வாளர்களையும் வகுப்பாசிரியர்களையும் அடுத்தடுத்த பக்கங்களில் எழுத வைத்தது. வேர்ல்டு எஜுகேஷனின் வேர் இந்தியாவில் இருப்பது பலருக்குத் தெரியாது. அதை 1951-இல் தொடங்கிய வெல்தி ஃபிஷர், காந்தியின் தூண்டுதலால் இந்தியக் கிராமங்களை நோக்கித் திரும்பியவர். 1953-இல் அலகாபாத்தில் எழுத்தறிவு இல்லத்தைத் தொடங்கி, பிறகு லக்னோவுக்குக் கொண்டுபோனவர். உத்தரப் பிரதேசக் கிராமங்களுக்காகப் பிறந்த அமைப்பு அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்க ஆசிரியர்களுக்கு இதழ் நடத்தியது. உதவி எப்போதும் ஒரே திசையில்தான் ஓடும் என்று நினைப்பவர்கள் கவனிக்கலாம்.

பிறகு ஒவ்வொன்றாக மூடினார்கள். ஈரிக்கின் துறைவாரி மையங்கள் 2003 இறுதியில் முடிந்தன. குடியேறிகளின் எழுத்தறிவுக்கான தகவல் மையம் 2004-இல். ஹார்வர்டு ஆய்வு மையத்தின் நிதி 2007-இல். தேசிய எழுத்தறிவு நிறுவனம் 2010-இல்; லிங்க்ஸ் கல்வித் துறையின் கைக்கு மாறியது. கனடாவில் 1989 முதல் ஆயிரக்கணக்கான முழு ஆவணங்களைச் சேர்த்து வைத்திருந்த தேசிய முதியோர் எழுத்தறிவுத் தரவுத்தளம், பெயரை மாற்றிக்கொண்ட பிறகும் 2014-இல் அரசு நிதி நின்றதால் இயக்கத்தை நிறுத்தியது. எந்த மூடலிலும் சதி எதுவும் இல்லை. நிதிக்காலம் முடிந்தது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். தளத்தோடு அதைச் சுட்டிய நூற்றுக்கணக்கான பட்டியல்களும் செத்தன. பொதுவாகவே இணையப் பக்கங்களின் ஆயுள் குறைவு: 2013-இல் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டது. இந்தத் துறையில் இன்னோர் அடியும் விழுந்தது. 2000-களில் ஆக்கிய ஊடாடும் பாடங்கள் பல ‘ஃபிளாஷ்’ மென்பொருளில் இருந்தன. 2020 டிசம்பர் 31-இல் அந்த மென்பொருளுக்கான ஆதரவு முடிந்தது. மறுபடி எழுதப் பணம் இருந்தவை பிழைத்தன.

தப்பியவற்றைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. ஈரிக் வெளியிட்ட குறுஞ்சுருக்கங்களுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லாததால், யார் யாரோ படியெடுத்து வேறு தளங்களில் போட்டார்கள். மூல மையங்கள் மறைந்த பின்னும் அவை கிடைத்தன. ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலி 1959 அக்டோபரில் சுமார் 1,500 சொற்களுக்குள் நிதான வேகத்தில் செய்தி படிக்கத் தொடங்கியது. பிறகு அது ஆங்கிலம் கற்பிக்கும் பெரிய தளமாக வளர்ந்தது. 2016-இல் 52 பாடங்கள் கொண்ட காணொளித் தொடர் ஒன்றும் வந்தது. அந்த வானொலி தானே ஆக்கியவற்றுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. வெட்டலாம், எளிமையாக்கலாம், அச்சிட்டு வகுப்பில் கொடுக்கலாம். 2025 மார்ச்சில் வானொலியையே முடக்கியபோது புதுப் பாடங்கள் நின்றன. பழையவை ஏற்கெனவே உலகெங்கும் ஆசிரியர்களின் கணினிகளில் இருந்தன. மாறாக, ஒரே தளத்தின் தரவுத்தளத்துக்குள் ஓடிய கருவிகளை யாரும் படியெடுக்க முடியவில்லை. எது அதிகப் புத்திசாலித்தனமாக இருந்ததோ அதுதான் எளிதில் அழிந்தது. தட்டையான பிடிஎஃப் கோப்பு நின்றது. ஸ்ட்ரக்கர் குழுவின் கருவியைப் போன்றவற்றை ஆக்கும்போது, கணினி இல்லாமலும் இயங்கும் தாள் வடிவத்தைக் கூடவே வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையை நிதி தருபவர்கள் விதிக்கலாம். செலவு சொற்பம்.

படியெடுத்தல் மட்டுமே தீர்வென்று சொல்லிவிடவும் முடியாது. அழியாத பழையதும் கெடுதல் செய்யும். பள்ளிச் சான்றுக்கு இணையான ‘ஜிஈடி’ தேர்வு 2014-இல் முற்றிலும் மாறிக் கணினிவழித் தேர்வானபோது, அதுவரையிலான பயிற்சித் தாள்கள் ஒரே நாளில் காலாவதியாயின. இணையத்தில் அவை நெடுங்காலம் புழங்கின. அண்மை எடுத்துக்காட்டு குடியுரிமைத் தேர்வு. 100 கேள்விகளில் பத்தைக் கேட்பார்கள், ஆறுக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்ற 2008-ஆம் ஆண்டின் முறைக்கே பல்லாயிரம் அட்டைகளும் ஒலிப்பதிவுகளும் தயாராகிக் கிடக்கின்றன. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குக் கேள்விகள் 128, கேட்பது இருபது, பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும். அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய முறையே. ஒரே வகுப்பில் இரு வகையினரும் இருப்பார்கள். பழைய தாள் ஒன்றைத் தேதி பாராமல் இறக்கிக் கொடுக்கும் தன்னார்வலர், ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஒருவரைத் தவறான தேர்வுக்குத் தயார்செய்துவிடக்கூடும். உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் எளிய கதை எழுதித் தருகின்றன; ஆனால் எந்த விதி யாருக்குப் பொருந்தும் என்பதைச் சரிபார்க்கும் பொறுப்பை அவை ஏற்பதில்லை. அது மறுபடியும் சம்பளமில்லாத தயாரிப்பு நேரத்தின் தலையில்தான் விழுகிறது.

இதற்கெல்லாம் ஆகும் தொகையைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 2023-இல் முதியோர் கல்விக்கென்று மாநிலங்களுக்குப் போன கூட்டரசு நிதி சுமார் 71.5 கோடி டாலர். நாடு முழுவதற்குமான ஆய்வு, ஆசிரியர் பயிற்சி, லிங்க்ஸ் போன்ற பொது வளங்கள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அந்த ஆண்டில் ஒதுக்கியது ஏறத்தாழ 1.4 கோடி டாலர்; நூற்றுக்கு இரண்டு பங்கு. அதற்குள் பொருள்களைப் படித்துப் பார்த்துத் தேதியைத் திருத்துபவரின் பங்கு எவ்வளவு சிறியது என்று ஊகித்துக்கொள்ளலாம். 2025 ஜூலை முதல் நாள் மாநிலங்களுக்குச் சேர வேண்டிய நிதியையே நிறுத்தி வைத்தார்கள். மாத இறுதியை ஒட்டி விடுவித்தார்கள். அதற்கடுத்த நிதியாண்டுக்கான வெள்ளை மாளிகை முன்மொழிவில் முதியோர் கல்விக்கு ஒதுக்கீடே இருக்கவில்லை. அப்படியிருந்தும் லத்தீன் எழுத்தையும் குடியுரிமைக் கேள்விகளையும் கற்றுத்தரும் மாலை வகுப்புகள் நூலகப் பின்னறைகளில் நடக்கின்றன. அவற்றை நடத்துபவர்களில் அனுபவமுள்ளவர்கள், கண்ணில் படும் நல்ல பொருளை அன்றே இறக்கித் தம் வன்தட்டில் சேமித்து, கோப்பின் பெயரிலேயே ஆண்டையும் எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.